தேறாத தோல்

மார்க்கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது வயிற்றை வெட்டித் தைப்பித்துக்கொண்டு வர. குளிக்கப் போகவில்லை. குளிப்பதென்றால் பண்டத்தரிப்பில் கிணற்றுக்கா பஞ்சம்? புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொத்துகிறவன் அவன். பொழுதுபடத் தோட்டக் கிணற்றில் உடம்புச் செம்மண் கரையும்வரை அள்ளி ஊற்றாமல் ஒருநாளும் வீட்டுப் படலையைத் திறந்ததில்லை.

அவனுக்குக் குடலிறக்கம். எருக்கூடை தூக்கித் தூக்கி அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு வீக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. படுத்தால் உள்ளே போகும். எழும்பினால் வெளியே வந்து நிற்கும், கூப்பிடாத விருந்தாளிபோல.

பெரிய டொக்டர் அதை விரலால் அமத்திப் பார்த்தார்.

"இப்ப தள்ள உள்ளுக்கை போகுது. ஒருநாள் போகாமல் இறுகிச்சுதெண்டால் குடல் அழுகியிடும். பிறகு உயிருக்கு உத்தரவாதமில்லை. கெதியா வெட்டவேணும். இண்டைக்குப் பின்னேரம் சவுக்காரம் போட்டு நல்லாக் குளியும். தோலிலை கிடக்கிற கிருமிதான் காயத்துக்குள்ளை போய்ச் சீழ் வைக்கிறது. நாளைக்கே வெட்டுவம்."

டொக்டர் சொன்னது இவ்வளவுதான். நியாயமான பேச்சு. மார்க்கண்டுவுக்கு முழுவதும் விளங்கிய பேச்சு. ஆனால் டொக்டருக்கும் வெட்டுகிற தியேட்டருக்கும் நடுவில் ஒரு பிரிவு இருந்தது.

அந்தப் பிரிவு பிறந்த கதை சின்னது. இரண்டு வாளியும் ஒரு பெட்டி சவுக்காரமும் தேவையென்று டொக்டர் கொழும்புக்கு எழுதியிருந்தார். வாளி வந்தது. வாளிக்குப் பொறுப்பாக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். மேற்பார்வையாளருக்கு ஒரு மேசையும், மேசைக்கு ஒரு அறையும், அறைக்கு ஒரு பெயர்ப்பலகையும் வந்தன. 'சத்திரசிகிச்சைக்கு முந்திய தோல் தூய்மைப் பிரிவு' என்று பலகையில் எழுதியிருந்தது. சவுக்காரம் கடைசியாக வந்தது. பாணுக்கும் சீனிக்கும் சனம் விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. ஆகையால் அந்தச் சவுக்காரக் கட்டியில் துளையிட்டு, கயிறு கோத்து, குளியல் மேடைத் தூணில் கட்டிவிட்டார்கள்.

மேற்பார்வையாளரின் பெயர் சோமசேகரம். முந்தி அவர் செத்தல் மிளகாய் வாங்கும் இடத்தில் தரம் பிரித்தவர். மிளகாயைக் கையில் எடுத்து, வெயிலில் பிடித்து, "இரண்டாந்தரம்" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன மனிதர். வாய் நிறைய எந்நேரமும் வெற்றிலை இருக்கும்.

"உம்மடை வேட்டி, சால்வை எல்லாத்தையும் கழட்டி இந்தத் தகரப்பெட்டிக்கை வையும். தேறினாப் பிறகு தரலாம்."

"தேறுறதெண்டால் ஐயா?"

"தோல் தேறவேணும் காணும். சோதினை இருக்கு."

மார்க்கண்டு பள்ளிக்கூடத்தில் எந்தச் சோதனையிலும் தேறியவனல்ல. தோலாவது தேறும் என்று நம்பி, இடுப்பில் ஆஸ்பத்திரித் துண்டோடு மேடையில் ஏறினான்.

தண்ணீரைத் தானே அள்ளி ஊற்றப் போனான். சிற்றூழியன் பேதுரு பாய்ந்து வந்து வாளியைப் பறித்தான்.

"அண்ணை, என்ரை வேலைக்கு உலை வையாதை! நீ நோயாளி. ஊத்துறது நான். ஐயா 'ஊத்து' எண்டால்தான் ஊத்துவன்."

"அப்ப ஐயாவைச் சொல்லச் சொல்லன்."

"ஐயா தேத்தண்ணி குடிக்கிறார்."

ஐயா வந்தார். "ஊத்து" என்றார். பேதுரு ஊற்றினான். "சவுக்காரம்" என்றார். மார்க்கண்டு தூணைக் கட்டிப்பிடிப்பதுபோல நின்று, கயிறு எட்டிய மட்டும் உடம்பைக் கொண்டுபோய்ச் சவுக்காரத்தில் தேய்த்தான். "ஊத்து" என்றார் மறுபடியும்.

"இனி ஒண்டிலையும் முட்டப்படாது. ரெண்டு கையையும் மேலை தூக்கிக்கொண்டு நில்லும். தண்ணி வத்த வந்து பாக்கிறன்."

மார்க்கண்டு கைகளை உயர்த்திக்கொண்டு வெயிலில் நின்றான். ஐயா அடுத்த தேநீருக்குப் போனார். தண்ணீர் வற்றியது. பிறகு வேர்வை வந்தது. ஐயா திரும்பிவந்து, ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி அவன் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தார். துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஈரம். வேர்வை. வேர்வை எண்டால் ஊத்தை. திருப்பிக் குளியும்."

மறுதரம் நெஞ்சில் இழுத்தார். துணியில் சிவப்பாக ஒரு கறை.

"பாரும், செம்மண்! எத்தினை வருசத்து மண்ணோ! இரண்டாந்தரம்."

மார்க்கண்டு துணியைப் பார்த்தான். அதைச் சுற்றியிருந்த விரலைப் பார்த்தான். விரல் வெற்றிலைச் சிவப்பில் ஊறியிருந்தது. வாயைத் திறக்கப் பார்த்து மூடிக்கொண்டான். வேட்டி அவர்களிடம் இருக்கிற ஒரு மனிதன் எவ்வளவுதான் பேசலாம்?

தேறாதவர்களுக்கென்று பின்பக்கத்தில் ஒரு கூடம் இருந்தது. அங்கே பாயில் சம்மணங்கட்டி இருந்தான் மாதகல் கடற்காரன் அடைக்கலநாதன். முதுகில் ஒரு கட்டியை எடுப்பிக்க வந்தவன். நெஞ்சில் நங்கூரம் ஒன்று பச்சை குத்தியிருந்தான்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. என்ன, இரண்டாந்தரமோ?"

"ஓமடாப்பா. நீ எப்ப வந்தனி?"

"நான் வரேக்கை கச்சான் காத்துக் காலம். இப்ப வாடை தொடங்கியிட்டுது. இந்த நங்கூரம் அழியட்டாம், பிறகு பாப்பமாம். வள்ளத்தைக் கடலுக்கை விடமுன்னம் நாங்களும் அடிப்பக்கம் சுரண்டிக் கழுவுறனாங்கள்தான். ஆனால் கழுவி முடிய இறக்கி விடுவம் அண்ணை. இவங்கள் கரையிலை வைச்சுச் சுரண்டிச் சுரண்டியே பலகையை முடிக்கப் போறாங்கள்."

"உன்ரை கட்டி முதுகிலையெல்லே. நங்கூரம் நெஞ்சிலை."

"அதைத்தான் நானும் கேட்டனான். தோல் எல்லாம் ஒண்டுதானாம்."

மார்க்கண்டு சிரித்தான். சிரிக்க அடிவயிறு தள்ளியது. படுத்து, கையால் அமத்தி உள்ளே விட்டான். அன்றைக்கு அது சொன்னபடி கேட்டது.

விடிய மறுபடியும் மேடை. வெட்டுக்குப் போகிறவன் வெறும்வயிறாகப் போகவேண்டும் என்பதால் காலைச் சாப்பாடு இல்லை. ஒவ்வொரு நாளும் வெட்டுநாளாக இருக்கக்கூடும் என்பதால் எந்த நாளிலும் காலைச் சாப்பாடு இல்லை. தியேட்டர் பக்கத்தில் பெரிய டொக்டர், "எங்கை அந்தக் குடலிறக்கம்?" என்று கேட்பது மேடைவரை கேட்கும்.

"குளிக்கிறார் டொக்டர்."

"இன்னுமோ? சரி, அடுத்த ஆளைக் கொண்டுவாங்கோ." அடுத்த ஆள் வண்டியில் அடிபட்டு வந்தவனாக இருப்பான். அவசரமாக வருகிறவர்களுக்குப் பிரிவின் வாசல் இல்லை. அவர்கள் நேரே உள்ளே போய் வெட்டுப்பட்டு, சுகமாகி, வீட்டுக்கும் போனார்கள். அவர்களைப் பார்க்க மார்க்கண்டுவுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பஸ்ஸாவது மோதியிருக்கலாம்.

அன்றைய சோதனையில் துணி வெள்ளையாகவே வந்தது. ஐயா அப்போதுதான் வாய் கொப்பளித்திருந்தார். மார்க்கண்டு மூச்சை விட்டான். அந்த மூச்சில் இடுப்புத் துண்டு சற்று நழுவியது.

"உதென்ன?"

"அறுணாக்கயிறு ஐயா."

"கழட்டும்."

இடுப்பில் கிடந்த அந்தக் கறுப்புக் கயிற்றில் மார்க்கண்டுவின் கை தானாகப் போய் விழுந்தது.

"ஐயா, உயிரோடை இருக்கிறவன்ரை கயிறை அறுக்கிறேல்லை. செத்தாப் பிறகுதான், பிரேதத்தைக் குளிப்பாட்டி அறுக்கிறவை."

"குளிப்பாட்டித்தானே நிக்கிறம்?" என்றார் சோமசேகரம். "கேளும், நான் சைவப்பழம். கந்தசட்டி ஆறு நாளும் பச்சைத்தண்ணியோடை இருக்கிறனான். எனக்கும் அறுணாக்கயிறு இருக்கு. ஆனால் நான் நோயாளி இல்லை. நோயாளியின்ரை கயிறு கிருமியின்ரை கூடாரம். பேதுரு, கத்தரிக்கோல்!"

பேதுரு கத்தரிக்கோலோடு நின்று தயங்கினான். "கண்ணை மூடு அண்ணை" என்று காதுக்குள் சொன்னான். மார்க்கண்டு மூடினான். சின்னச் சத்தம். கயிறு வேட்டியோடு தகரப்பெட்டிக்குள் போனது.

பின்னேரம் பார்வை நேரத்துக்கு அவன் பெண்சாதி இரத்தினம்மா பஸ் ஏறி வந்தாள். கம்பிக்கு அப்பால் நின்று அவன் இடுப்பைப் பார்த்தாள். அவள் கை கழுத்துத் தாலியைத் தேடியது.

"இஞ்சருங்கோ... ஆர் அறுத்தது? நீங்கள் உயிரோடை இருக்கேக்கையே?"

"சத்தம் போடாதை. வெட்டினவுடனை கட்டலாம்."

"எப்ப வெட்டுறாங்களாம்?"

"தேறினவுடனை."

அவள் போய், அடுத்த முறை வரும்போது கோயிலில் வைத்து எடுத்த புதுக் கயிறு ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். உள்ளே கொடுக்க விடவில்லை. முடிச்சை அவிழ்க்காமலே திரும்பிப் போனாள்.

கயிறு போனதும் தேறியிருக்க வேண்டும். ஆனால் கயிறு இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. தொட்டில்காலம் தொடங்கி அங்கே கிடந்த கயிறு, இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தழும்பைப் பதித்துவிட்டிருந்தது.

"ஊத்தை வளையம்" என்றார் சோமசேகரம். மிளகாய்ச் சாக்கின் அடியில் கல்லைக் கண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "கயிறுக்குக் கீழை இவ்வளவு காலமும் ஒளிச்சிருந்திருக்கு. தேய், பேதுரு."

"ஐயா, அது தோல் ஐயா, ஊத்தை இல்லை!"

"தோலோ ஊத்தையோ எண்டு சொல்லுறது நீரோ, நானோ?"

பேதுரு தேங்காய்த்தும்பால் தேய்த்தான். கோடு போகவில்லை. அடுத்த நாளும் தேய்த்தான். அதற்கடுத்த நாள் தோல் உரிந்து, இடுப்பைச் சுற்றி நீர் கசிந்தது. கறுப்பு இல்லை, சிவப்பு.

"ஆ! போயிட்டுது!" என்று சோமசேகரம் கையைத் தட்டினார். "முதலாந்தரம்!" வேட்டியைத் தவிர எல்லா மரியாதையோடும் மார்க்கண்டுவைத் தியேட்டர் வாசலுக்கு அனுப்பினார்.

பெரிய டொக்டர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஆர் இவரை மாட்டுக்குத் தேய்ச்ச மாதிரித் தேய்ச்சது? உரிஞ்ச தோலிலை எப்பிடி நான் கத்தி வைக்கிறது? உந்தக் காயத்திலைதான் கிருமி முதல் ஏறும்! காயம் ஆறட்டும். ஆறினாப் பிறகு கொண்டுவாங்கோ."

காயம் ஆறியது. ஆறியபோது பொருக்குக் கட்டியது. சோமசேகரம் பொருக்கைத் துணியால் இழுத்துப் பார்த்தார்.

"வேற்றுப்பொருள்" என்றார். "தேய்."

அன்றைக்குத்தான் மார்க்கண்டுவுக்குத் தன் நிலை முழுவதும் விளங்கியது. தேய்த்தால் புண். புண்ணென்றால் வெட்டமாட்டார்கள். புண் ஆறினால் பொருக்கு. பொருக்கென்றால் தேய்ப்பார்கள். செக்குமாடு சுற்றினாலும் எண்ணெயாவது வரும்.

"நான் வீட்டை போறன் ஐயா. எனக்கு வெட்டு வேண்டாம்."

"போகலாமே. தாராளமாப் போகலாம்" என்றார் சோமசேகரம். "தேறினவுடனை."

கூடத்துக்குத் திரும்பிப் பாயில் படுத்தான். வீக்கம் உள்ளே போக மறுத்து, வெகுநேரம் அமத்தியபின் மனமில்லாமல் போனது. முன்னைப்போல இல்லை. போகமாட்டேன் என்று ஒருநாள் சொல்லப் பழகிக்கொண்டிருந்தது.

"அண்ணை, அது இறுகமுன்னம் ஏதும் செய்யவேணும்" என்றான் அடைக்கலநாதன்.

"என்னடாப்பா செய்யிறது, துண்டோடை றோட்டாலை ஓடுறதோ?"

"நான் ஒருநாள் ஓடிப் பாத்தனான். வாசல்காரன் பிடிச்சுக்கொண்டு வந்து விட்டவன். ஓடினதிலை புழுதி பட்டதெண்டு ரெண்டு குளிப்புக் கூட வைச்சாங்கள்."

அந்த வாரம் கொழும்பிலிருந்து உதவிப் பணிப்பாளர் வருவதாகச் சேதி வந்தது. பிரிவு தடல்புடலானது. மேடைக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். தூணுக்கு வாழை கட்டினார்கள். புதிதாக ஒரு சவுக்காரம் கோத்தார்கள். மாதிரித் தோலொன்று காட்டவேண்டியிருந்தது. நங்கூரக்காரனைக் காட்ட முடியாது. மார்க்கண்டுவின் பொருக்கு அப்போதுதான் தானாக உதிர்ந்திருந்தது. கோடும் வெளிறி, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"பேச்சுகள் முடிய, எல்லாருக்கும் முன்னாலை உம்மைத் தேறவிடுறன்" என்றார் சோமசேகரம். "அதுவரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நில்லும்."

மார்க்கண்டு குளித்து, கையைத் தூக்கிக்கொண்டு மேடையில் நின்றான். அடிவயிற்றில் காலையிலிருந்தே ஒரு பிடிப்பு இருந்தது. சோமசேகரம் பேசத் தொடங்கினார்.

"பெருமதிப்புக்குரிய உதவிப் பணிப்பாளர் அவர்களே! இப்பிரிவு ஆரம்பித்த நாள்தொட்டு, எமது சோதனையில் தேறிச் சத்திரசிகிச்சை பெற்றுக்கொண்ட ஒருவருக்கேனும் காயத்தில் சீழ் கண்டதில்லை என்பதை இங்கே தலைநிமிர்ந்து கூறிவைக்கிறேன்!"

கைதட்டினார்கள். அது முற்றிலும் உண்மையான கூற்று. அந்தச் சோதனையில் தேறி இன்னும் ஒருவரும் சத்திரசிகிச்சை பெறவில்லை.

மார்க்கண்டு மெதுவாக, "ஐயா, உள்ளுக்கை போகுதில்லை" என்றான்.

"பொறும். பெரியவர் பேசப் போறார்."

உதவிப் பணிப்பாளர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்பர்களே! முன்னைய காலத்தில் நோயாளர் குளித்தனர், வெட்டப்பட்டனர், வீடு சென்றனர். அதில் ஏதாவது ஒழுங்கு இருந்ததா? யார் குளித்தார், யார் ஊற்றினார் என்று எமக்கு ஏதாவது தெரியுமா? ஒருவரைக் கழுவ ஒரு வாளி நீரும் ஒரு துண்டுச் சவுக்காரமும் போதும் என்று சில டொக்டர்மார் கூறுகின்றனர். அவ்வாறே போதுமென்றால் நாம் எதற்காக இருக்கிறோம்? இந்த வினாவை நான் எனக்குள்ளே பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு விடை காணும்பொருட்டே இன்னும் இரண்டு பிரிவுகளைத் திறக்க இருக்கிறோம்."

மார்க்கண்டுவின் கண் இருண்டது. வீக்கம் கல்லாகி நின்றது. ஓங்காளித்துக்கொண்டு முன்னே வளைந்தான்.

"நிமிர்ந்து நில்லும் காணும், படம் எடுக்கினம்!" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் சோமசேகரம். "சத்தி எடுத்துப்போடாதையும், பிறகு முதலிலையிருந்து குளிக்கவேணும்!"

அவன் விழுந்தான். விருந்தாளிகளுக்குத் தேநீர் கொண்டுவந்த தாதி பெர்னடெட் தட்டத்தை உதவிப் பணிப்பாளரின் கையில் திணித்துவிட்டு ஓடிவந்து வயிற்றைத் தொட்டாள்.

"ஐயோ, இறுகியிட்டுது! ஆராவது பிடியுங்கோ!"

"மிசி, அவர் இன்னும் தேறேல்லை!" என்று குறுக்கே நின்றார் சோமசேகரம்.

அடைக்கலநாதன் மேடையில் பாய்ந்தான். வலை இழுத்த கையால் அவரை அப்பால் ஒதுக்கி, மார்க்கண்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தியேட்டர்ப் பக்கம் ஓடினான்.

உள்ளே பெர்னடெட் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் சவுக்காரமும் எடுத்தாள். சுத்தமான துணியால் அவன் வயிற்றையும் தொடையடியையும் மெல்ல, தேய்க்காமல் கழுவினாள். ஒற்றினாள். மருந்து பூசினாள்.

"இவ்வளவுதானோ மிசி?" என்று நோவுக்குள்ளாலும் கேட்டான் மார்க்கண்டு.

"இவ்வளவுதான் அண்ணை. கண்ணை மூடுங்கோ."

அவனைக் கடைசியாகக் கண்ணை மூடச் சொன்னபோது கயிறு போனது. இப்போது என்ன போகப்போகிறதோ என்று எண்ணிக்கொண்டே மயங்கினான்.

உயிர் போகவில்லை. குடல் அழுகுமுன் டொக்டர் வெட்டி இறுக்கத்தை எடுத்துவிட்டார். கண் விழித்தபோது கட்டிலடியில் சோமசேகரம் நின்றார்.

"நீர் இன்னும் தேறேல்லை, விளங்குதோ?"

"வெட்டி முடிஞ்சுதே ஐயா."

"வெட்டு டொக்டரின்ரை விசயம். குளிப்பு என்ரை விசயம். தேறாத தோலை வெட்டியிருக்கினம். நாளைக்குச் சீழ் வைச்சால் என்ரை பிரிவின்ரை பேர் என்னாகிறது? நீர் எங்கடை ஆளில்லை. எங்கடை மேடையிலை நீர் குளிச்சதே இல்லை. ஆரும் கேட்டால் அப்பிடித்தான் சொல்லவேணும்."

"அப்ப வேட்டியைத் தாங்கோவன்."

"எங்கடை ஆளில்லாத ஒருவருக்கு நாங்கள் எப்பிடி வேட்டி குடுக்கிறது?"

காயம் ஆறியது. சீழ் இல்லை. தையல் பிரித்த அன்று டொக்டர், "அச்சா! வீட்டை போம், பாரம் தூக்காதையும்" என்றார். அவர் அப்பால் போக, சோமசேகரம் ஒரு மாலையோடும் தகரப்பெட்டியோடும் படக்காரனோடும் வந்தார்.

"எங்கடை ஆள்!" என்று மாலையைப் போட்டார். "எங்கடை பிரிவிலை குளிச்சு, வெட்டி, சீழில்லாமல் வெளியிலை போற முதல் ஆள்! கையைத் தூக்கும்."

மார்க்கண்டு தூக்கினான். வெள்ளைத் துணி ஒரு இழுப்பு இழுத்தது. சிவப்பாக வந்தது. "முதலாந்தரம்" என்றார்.

தகரப்பெட்டியைத் திறந்தார்கள். ஈரத்தோடு மூடிக் கிடந்த வேட்டி நாறியது. கயிற்றில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"பாத்தீரே?" என்றார் சோமசேகரம். "அப்பவே சொன்னன், கிருமியின்ரை கூடாரமெண்டு."

வாசலுக்குப் போகும் வழியில் மேடையைக் கடக்க வேண்டியிருந்தது. அடைக்கலநாதன் கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றான். ஒரு நோயாளியைத் தோளில் சுமந்ததால் அவன் தோலில் பிறர் தோல் பட்டுவிட்டது, எல்லாம் முதலிலிருந்து.

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்றான். "மாதகலிலை ஆரும் கேட்டால், நான் இன்னும் குளிக்கிறனெண்டு சொல்லுங்கோ."

 மார்க்கண்டு ஓம் என்று தலையாட்டினான்.

பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையால் நடந்தான். தோட்டங்களில் புகையிலைக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. யாரோ நட்டிருந்தார்கள். வீட்டுப் படலையில் இரத்தினம்மா நின்றாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குறுக்கே ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தாள்.

"ஆசுப்பத்திரியாலை வாறியள். குளிச்சிட்டு உள்ளுக்கை வாங்கோ."

 மார்க்கண்டு சால்வையை வேலியில் போட்டான். இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். கண்ணை நேரே வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றான்.

"ஏனப்பா கையைத் தூக்கிறியள்?"

 அவள் ஊற்றினாள். சேலைத் தலைப்பால் முதுகைத் துடைத்தாள். தலைப்பில் இருந்த முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அதை அவிழ்த்து, புதுக் கயிற்றை எடுத்து, தூக்கிய கைகளுக்குக் கீழால் இடுப்பைச் சுற்றிக்கொண்டுவந்து, பழைய கோட்டின் மேலேயே வைத்து முடிந்தாள். முடிந்தபின் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"சரி, வாங்கோ. சோறு ஆறுது."

மார்க்கண்டு அந்த இடத்திலேயே நின்றான். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இரத்தினம், இனிக் கையை இறக்கலாமோ?" என்று கேட்டான்.